பௌகே பூட்டாத சைக்கிள்

சைக்கிள் மேலே நின்றது.

ஆள் கீழே கிடந்தார்.

மேலே என்றால் கடலைத் தடுக்கும் கரைமேட்டின் உச்சி. கீழே என்றால் தண்ணீருக்குள் இறங்கும் கருங்கல் சரிவு... பாசி பிடித்து வழவழவென்று. ஆளின் இடுப்புவரை கடல் ஏறியிருந்தது. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

நாயோடு நடக்க வந்த க்ரீட்தான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட அலறலில், பக்கத்து கேம்பிங்கில் விடுமுறைக்குக் கூடாரம் போட்டு, சமையலுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கத்தியும் கையுமாக ஓடி வந்தார்கள்.

இரண்டு பேர் இறங்கி ஆளை மேலே இழுத்தார்கள். பின்மண்டை பிளந்திருந்தது. முகம் நீலம் பாரித்திருந்தது.

"இது நம்ம பௌகே," என்றாள் க்ரீட். "அவன் பொண்டாட்டியைக் கூப்பிடுங்க யாராவது."

ஹெஸ்டர் வந்தாள். கையில் பாத்திரம் கழுவுகிற பிரஷ். அதில் சோப்பு நுரை.

அழவில்லை. கத்தவில்லை. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தைத் தட்டினாள்.

"பௌகே... எழுந்திரு. விளையாடாதே."

பௌகே விளையாடவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. இருவரையும் ஏற்றிக்கொண்டது. சைரன் போடாமல் கிளம்பிப் போனது.

"சைரன் இல்லை," என்று உதட்டைப் பிதுக்கினாள் க்ரீட். "புரிஞ்சுபோச்சு."

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. கேம்பிங் ஓனர் கோர்னே, நல்ல வாட்டசாட்டமான ஆள், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

*

மறுநாள் காலை.

போலீஸ் காரில் வந்து கரைமேட்டில் இறங்கினாள் ஹெஸ்டர். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. கூடவே இன்ஸ்பெக்டர் அனூக். குட்டை முடி. எதையும் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிற நடை.

சைக்கிள் ராத்திரி முழுக்க அதே இடத்தில் நின்றிருந்தது. ஸ்டாண்டு போட்டு... பின்சக்கரத்தில் பூட்டுப் போட்டு.

"விபத்துதான் ஹெஸ்டர்," என்றாள் அனூக். "வந்தார். சைக்கிளை நிறுத்தினார். பூட்டினார். கீழே இறங்கினார். வழுக்கிட்டார்."

"அவர் சைக்கிளைப் பூட்ட மாட்டார்."

"என்னது?"

"பூட்ட மாட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் ஏழு சைக்கிளைத் தொலைச்சவர் அவர். இது எட்டாவது. லீவுக்குக் கிளம்பறப்ப டிரெய்லர் மேல சைக்கிள் ஏத்துவோம் பாருங்க, அப்பவும் பூட்டுறது நான்தான்."

அனூக்குக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இந்த நாட்டுல சைக்கிளைப் பூட்டாத ஆள்கூட ஒருத்தர் இருக்காரா?"

"ஒரே ஒருத்தர். தேடிப் பிடிச்சு அவரைத்தான் நான் கட்டிக்கிட்டேன்."

"நேத்து மட்டும் புத்தி வந்து பூட்டியிருக்கலாம் இல்லையா?"

"சரி. பூட்டினார்னே வெச்சுக்குவோம். சாவி எங்கே?"

"தண்ணில விழுந்திருக்கும்."

"அவர் பாக்கெட்ல இருந்ததை எல்லாம் நர்ஸ் ஒரு பையில போட்டுக் கொடுத்தாங்க. ஃபோன் இருக்கு. கைக்குட்டை இருக்கு. பாதி தின்ன அதிமதுர மிட்டாய்கூட இருக்கு. எல்லாம் ஜிப் வெச்ச பாக்கெட்டுங்க. சாவி மட்டும் தானா ஜிப்பைத் திறந்துக்கிட்டு இறங்கிப் போச்சா?"

அனூக் குனிந்து பூட்டைப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"யார் மேலயாவது சந்தேகமா?"

"கோர்னே."

"கேம்பிங் ஓனரா? இந்த வட்டாரத்துலயே நல்ல மனுஷன்னு பேரு."

"நல்ல மனுஷன் பண்ற வேலையைக் கேளுங்க. இங்கே எல்லாரும் அவங்கவங்க கேரவன்ல இருக்கிற கழிப்பறைத் தொட்டியைக் கொண்டுபோய் ஒரு பெரிய குழியில கொட்டறோம். கோடையில குழி ரொம்பிடும். லாரி வெச்சு எடுக்கணும். இவர் எடுக்கறதில்லை. தண்ணி வடியற நேரமாப் பார்த்து, குழாய் வழியா கடல்ல விடறார். அதோ அந்தக் கல்லுக்கு அடியில. பக்கத்துல ஜனங்க சிப்பி பொறுக்கறாங்க, குழந்தைங்க குளிக்குதுங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

"பௌகே பார்த்தார். ரெண்டு நாளா நாத்தம் நாத்தம்னு சொன்னார். அவர் பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி வாத்தியார். பாட்டில்ல தண்ணி பிடிச்சு சோதனைக்கு அனுப்பறேன்னார். நான் நேரா போய்க் கோர்னேகிட்ட சொன்னேன், இந்த மாதிரி அனுப்பப் போறோம்னு."

"தனியாவா?"

"தனியா எதுக்கு? கேம்பிங் ஆபீஸ்ல ரொட்டி வாங்க வரிசையில நின்ன அத்தனை பேர் முன்னாடியும்தான்."

அனூக் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அந்தப் பாட்டில் இருக்கா?"

"இல்லை."

"சாவியும் இல்லை, பாட்டிலும் இல்லை. நேத்தே கோர்னேகிட்ட கேட்டேன். சாயந்திரம் அலறல் கேட்டு ஓடி வர்றவரைக்கும் இந்தப் பக்கமே வரலைன்னார். என் புருஷன் பூட்ட மாட்டார்னு நீங்க சொல்றதை வெச்சு நான் யாரையும் பிடிக்க முடியாது. மத்தியானம் விபத்துன்னு எழுதி அனுப்பிடுவேன். அதுக்கு முன்னாடி ஏதாவது கிடைச்சா கூப்பிடுங்க." ஒரு விநாடி நிறுத்தினாள். "நீங்க இங்கேயா இருக்கப் போறீங்க? ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"அங்கே நான் பண்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டார். இங்கே இருக்கு."

*

ஹெஸ்டரின் மடக்கு டிரெய்லர் வாசலில் பூங்கொத்தோடு காத்திருந்தார் கோர்னே.

டிரெய்லர் என்றால் பெரிய கேரவன் இல்லை. இழுத்துக்கொண்டு போகும்போது சின்னப் பெட்டி. மூடியைத் திறந்து விரித்தால் கட்டிலும் அடுப்புமாக ஒரு கூடாரம். மேலே இரண்டு சைக்கிளுக்கு இடம். ஒரு சைக்கிள் கம்பத்தில் சாய்ந்து நின்றது, ஹெஸ்டருடையது.

"என்ன சொல்றதுன்னே தெரியலைம்மா," என்றார் கோர்னே. "தங்கமான மனுஷன்."

"ம்."

"நீங்க ஒரு வேலையும் பார்க்க வேண்டாம். ஆளுங்களை அனுப்பறேன். கூடாரத்தை மடிச்சு, சைக்கிளை மேல கட்டி, கார்ல மாட்டிக் கொடுத்துடுவாங்க. கரைமேட்டுல நிக்கற சைக்கிளையும் பூட்டை அறுத்து எடுத்துட்டு வந்துடறோம்."

"வேண்டாம்."

"உங்க புக்கிங் இன்னையோட முடியுதும்மா. இந்த இடத்துக்குத் தெற்கே லிம்பர்க்ல இருந்து ஒரு குடும்பம் வருது."

"வரட்டும்."

"வந்தா எங்கே நிப்பாங்க?"

"உங்க வீட்டு வாசல்ல நிறுத்துங்க. நான் நகர மாட்டேன். அந்தச் சைக்கிளை எவனாவது தொட்டா கையை ஒடிப்பேன்."

கோர்னே பூங்கொத்தை மெதுவாகப் புல்லில் வைத்தார். குரல் மாறியது.

"துக்கத்துல இருக்கீங்களேன்னு பார்க்கிறேன். இல்லைன்னா கரண்ட்டைப் பிடுங்கிவிட்டுடுவேன்."

"பிடுங்குங்க. ஃபிரிட்ஜ்ல இருக்கிற ஹெரிங் மீன் கெட்டுப் போகும். எவ்வளவு கெட்டாலும் உங்க குழாய் அளவுக்கு நாறாது."

அவர் முகம் சிவந்தது. கரண்ட் கம்பத்துக்குப் போனார். ஒயரைப் பிடுங்கித் தரையில் வீசினார். போய்விட்டார்.

ஹெஸ்டர் டிரெய்லரின் இழுவைக் கம்பியில் போய் உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

எதிர்க் கேரவன் திரை விலகியது. க்ரீட் மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் ஃபிளாஸ்க்.

"நகர்ந்து உட்காரு. அந்தக் கம்பியில உட்கார்ந்தா இடுப்பு போயிடும்."

"எதுக்குக்கா நாற்காலி?"

"போராட்டத்துக்கு நின்னுக்கிட்டே இருக்க என் முழங்கால் ஒத்துழைக்காது."

அவள் உட்கார்ந்ததைப் பார்த்து அடுத்த கேரவன்காரர் தன் நாற்காலியோடு வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, பிஸ்கட் டப்பாவோடு. கொஞ்ச நேரத்தில் டிரெய்லரைச் சுற்றி ஒரு வட்டமே கூடிவிட்டது. யாரும் கோஷம் போடவில்லை. காபி குடித்தார்கள். அதுதான் கோர்னேயின் ஆட்களுக்குப் பயமாக இருந்தது. தூரத்திலேயே நின்றுவிட்டார்கள்.

லிம்பர்க் குடும்பமும் வந்து சேர்ந்தது. காருக்குப் பின்னால் டிரெய்லர், அதன் தலையில் நாலு சைக்கிள். ஓட்டி வந்தவர் இறங்கி வட்டத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"இது எங்க இடம்னு சீட்டுல போட்டிருக்கே..."

க்ரீட் எழுந்து போய் அவர் காதில் விஷயத்தைச் சொன்னாள். காதில் என்று பேர், எல்லாருக்கும் கேட்டது.

அவர் கார் டிக்கியைத் திறந்தார். நாற்காலிகளை எடுத்தார்.

"உட்கார்ந்து காபி குடிக்கறதுக்கு லிம்பர்க்காரனுக்கா சொல்லித் தரணும்?" என்றபடி வட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

*

மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஹெஸ்டரின் காபி ஆறிப்போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்... அனூக் எழுதி அனுப்பிவிடுவாள். அதற்கப்புறம் இது விபத்து. குழாய் பாட்டுக்கு ஓடும். கோர்னே பாட்டுக்குச் சிரிப்பார்.

"பாவம் பௌகே," என்று க்ரீட் மூக்கை உறிஞ்சினாள். "இந்தக் கோடையில மட்டும் மூணு ஆப்பிள் கேக் தண்டம் அழுதான்."

லிம்பர்க்காரருக்குப் புரியவில்லை. "எதுக்குத் தண்டம்?"

"இந்தக் கேம்பிங் வழக்கம்ப்பா. எவனாவது சைக்கிளைப் பூட்டாம விட்டா, கோர்னே கண்ணுல பட்டா போச்சு. டக்குனு பூட்டி, அதுலயே இருக்கற சாவியை எடுத்துட்டுப் போய் ஆபீஸ்ல ஆணிப் பலகையில மாட்டிடுவான். சாவி வேணும்னா ஆபீசுக்கு ஒரு ஆப்பிள் கேக் வாங்கிட்டுப் போகணும்."

"நல்ல வழக்கம்தான்."

"என்ன நல்ல வழக்கம்? வியாதி அது. அவன் கண்ணு ஒரு பக்கம் பார்க்கும், வாய் ஒரு பக்கம் பேசும், கை பாட்டுக்குப் பூட்டும். ஒரு நாள் என்கூட வானிலை பேசிக்கிட்டே என் சைக்கிளைப் பூட்டிட்டுப் போயிட்டான். நான் அதுமேல உட்கார்ந்திருந்தேன்."

வட்டம் சிரித்தது.

ஹெஸ்டர் சிரிக்கவில்லை.

கை பாட்டுக்குப் பூட்டும்...

காபிக் கோப்பையைப் புல்லில் வைத்தாள். எழுந்தாள்.

"எங்கே போறே?" என்றாள் க்ரீட்.

"ரொட்டி வாங்க."

*

ஆபீஸில் கோர்னே ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஆணிப் பலகை. வரிசை வரிசையாக ஆணி. பெரும்பாலும் காலி. நாலைந்தில் சாவி.

கடைசி வரிசையில் ஒரு குட்டிச் சாவி தொங்கியது. தலையில் நீல இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது.

அந்த டேப்பைச் சுற்றினவள் ஹெஸ்டர்தான்.

முகம் மாறாமல் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

கோர்னே ஃபோனை வைத்தார். "என்ன, கிளம்ப மனசு வந்துடுச்சா?"

"நேத்து ரொட்டி சொல்லிவெச்சிருந்தோம்."

அவர் பொட்டலத்தைத் தேடி எடுத்தார். "ரெண்டு பேருக்குச் சொல்லியிருக்கீங்க. ஒண்ணை நான் திரும்ப எடுத்துக்கறேன். காசு வேண்டாம்."

"ரெண்டையும் கொடுங்க."

வெளியே வந்தாள். குளியலறைச் சுவருக்குப் பின்னால் நின்று ஃபோனை எடுத்தாள்.

"அனூக்... எழுதிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டே இருக்கேன்."

"பேனாவை மூடிட்டு வாங்க."

*

அனூக் வந்தாள். கையுறை மாட்டிக்கொண்டே ஆபீசுக்குள் நுழைந்தாள். பின்னால் ஹெஸ்டர். அவளுக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு மொத்த வட்டமும்... நாற்காலிகளோடு.

"கோர்னே, அந்த நீல டேப் சாவி யாரோடது?"

கோர்னே திரும்பிப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்தச் சாவியை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவர் மாதிரி இருந்தார். நிஜமாகவே அப்படித்தான். மாட்டியது கை. மூளைக்குச் சேதியே போகவில்லை.

"யாரோ... கேம்பிங்ல பூட்டாம விட்டது..."

அனூக் சாவியை எடுத்தாள். வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம் கொடுத்தாள். அவர் கரைமேட்டுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

பூட்டு திறந்திருந்தது.

"பூட்டினாத்தான் இந்தச் சாவி வெளியே வரும்," என்றாள் அனூக். "நேத்து அலறல் கேட்கறவரைக்கும் அந்தப் பக்கமே போகலைன்னீங்க."

கோர்னே நெற்றியைத் துடைத்தார். அப்புறம் ஒரு சிரிப்பை வரவழைத்தார்.

"மறந்தே போச்சு பாருங்க. போனேன். சைக்கிள் பூட்டாம நின்னுச்சு. பூட்டினேன். சாவியைக் கொண்டுவந்து மாட்டினேன். எப்பவும் பண்றதுதானே?"

"பௌகே?"

"நான் பார்க்கலை. சைக்கிளை மட்டும்தான் பார்த்தேன்."

ஹெஸ்டர் முன்னால் வந்தாள். இத்தனை நேரம் நீங்க நீங்க என்று பேசியவள்.

"சைக்கிளைத் திருடன் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு பூட்டினே. மனுஷனைக் கடல் தூக்கிட்டுப் போகட்டும்னு விட்டுட்டே."

"வார்த்தையை அளந்து பேசும்மா. பூட்டினது ஒரு குற்றமா? இன்ஸ்பெக்டர், நீங்களே சொல்லுங்க."

அனூக் எதுவும் சொல்லவில்லை.

கோர்னேக்குத் தைரியம் வந்தது. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"நான் பார்த்தேன், பார்க்கலை... சொல்றதுக்கு யார் இருக்கா? செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்வானா?"

"யார் செத்தது?" என்றாள் ஹெஸ்டர்.

கோர்னே மேஜையில் இருந்து கையை எடுத்தார்.

"என்ன?"

"யார் செத்ததுன்னு கேட்டேன்."

கோர்னே அனூக்கைப் பார்த்தார். அனூக் மறுக்கவில்லை.

"மூணாவது மாடி," என்றாள் ஹெஸ்டர். "ஜன்னலோரக் கட்டில். காலையில கண்ணு முழிச்சார். தண்ணி கேட்டார். அடுத்து உன் பேரைச் சொன்னார்."

"பொய்."

"வேணும்னா ஃபோன் போட்டுத் தரேன். பேசறியா?"

"பொய் சொல்றா இவ. அந்த மண்டை கல்லுல மோதின சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அப்படி விழுந்தவன் எப்படிப் பேசு..."

நிறுத்தினார்.

ஆனால் சொல்லியாகிவிட்டது.

"எந்தச் சத்தம், கோர்னே?" என்றாள் அனூக் மெதுவாக. "நீங்க சைக்கிளை மட்டும்தானே பார்த்தீங்க?"

வாசலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

கோர்னே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெரிய உடம்பு நாற்காலிக்குள் சுருங்கிப்போனது.

"பாட்டிலைக் கேட்டேன். தர மாட்டேன்னு தலையை ஆட்டினான். பிடுங்கினேன். விடலை. தள்ளினேன்... அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"பாட்டிலைக் கடல்ல வீசினேன். மேல ஏறி வந்தேன்." தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சைக்கிள் பூட்டாம நின்னுச்சு."

*

போலீஸ் கார் கோர்னேயை ஏற்றிக்கொண்டு போனது.

க்ரீட் ஹெஸ்டரின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"அடிப்பாவி, ராத்திரி முழுக்க அழுதேன்டி நான். உயிரோட இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்கேக்கா கேட்டீங்க? சைரன் இல்லைன்னதும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. காலியாக் கிடக்கிற கரைமேட்டுல யாருக்கு சைரன் போடறது, மேயற ஆட்டுக்கா? நீங்க நினைச்சதை அவனும் நினைச்சான். உயிரோட இருக்கார்னு தெரிஞ்சா முடிச்சுட்டு வர ஆஸ்பத்திரிக்கே போயிருப்பான். அதான் வாயை மூடிக்கிட்டேன்."

அனூக் அவளைத் தனியே கூப்பிட்டாள். நெற்றியில் ஒரு சுருக்கம்.

"எனக்கு ஒண்ணு புரியலை. வரும் வழியில ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். மயக்க மருந்துல இருக்கார், சாயந்திரம்தான் எழுப்புவோம்னாங்க. பயமில்லை, ஆனா எழுந்தாலும் நேத்து நடந்தது ஞாபகம் இருக்கிறது சந்தேகம்னாங்க. அவர் எப்போ முழிச்சு கோர்னே பேரைச் சொன்னார்?"

"இன்னும் முழிக்கலை."

"அப்போ உள்ளே நீங்க சொன்னது?"

"நான் சொன்னது."

"அவர் சொன்னதாத்தானே சொன்னீங்க, ஹெஸ்டர்?"

ஹெஸ்டர் ரொட்டிப் பொட்டலத்தைச் சைக்கிள் கூடையில் வைத்தாள். ஆஸ்பத்திரிப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாள்.

"கல்யாணம் ஆனதுல இருந்து அவர் சொல்ல வேண்டியதை எல்லாம் நான்தான் சொல்லிக்கிட்டிருக்கேன் இன்ஸ்பெக்டர். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை மறுத்ததில்லை."